கொல்லிப்பாவையும் நீலப்பறவையும்

சங்கப் புலவர்கள் கொல்லிமலையைப் பாடும்போது இருவரை மறவாது நினைவுகூர்வர். ஒருவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக எண்ணப்பெறும் அம்மலைத் தலைவன். மற்றொருத்தி கொல்லிப்பாவை, தெய்வம் சமைத்ததென்று மக்கள் நம்பிய பெண்ணுருவம். ஓரி, காரியோடு பொருது மாண்டான். அவன் மலை சேரன் கைக்குப் போயிற்று. பாவையோ காற்றுக்கும் மழைக்கும் கலங்காமல் பாட்டிலே நின்றுவிட்டாள். உயிரற்ற பெண்ணுருவம் ஒன்று ஈராயிரம் ஆண்டுகளாகப் பேசப்படும் மலையில், உயிரோடு வாழ்ந்து மறைந்த பெண்மக்களைப் பற்றி எழுதப்பட்டது எவ்வளவு என்று தேடிப் பார்த்தால் நமக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். அச்சொற்பத்தைக் கொண்டே ஒரு பொருளை இங்கு ஆராய விழைகிறோம். சிறுமியருக்கென அமைந்த இயக்கங்களையும் இல்லங்களையும் ஊதியம் பெறாமல் நடத்தியவர்கள் யாவர், அவர்கள் நாள்தோறும் செய்த வேலை எத்தகையது என்பதே அது.

முதலில் மலையை அறிந்துகொள்வோம். கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. முன்னர்ச் சேலம் மாவட்டத்தில் இருந்தது. ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்பும், 1000 முதல் 1300 மீட்டர் வரை உயரமும் உடையது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு எனப் பற்பல நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். பெயரைக் கேட்டு அவர்களைக் கேரளத்தார் என்று எண்ணிவிடலாகாது. அவர்கள் தமிழ் பேசும் மலைவாணர். சாமையும் தினையும் கேழ்வரகும் அவர்களது பழைய பயிர்கள். வீடுகள் ஓரிடத்தில் நெருங்கி நில்லாமல் சரிவுகளில் சிதறிக் கிடப்பதால், ஒரு சிறுமி மற்றொரு சிறுமியின் வீட்டுக்குப் போவதே ஒரு நடைப்பயணம். நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இச்செய்தி மிகவும் இன்றியமையாதது. சிறுமியர் கூடுவதற்கு ஓரிடமும், கூட்டுவதற்கு ஓர் ஆளும் இல்லாத இடத்தில் அமைப்பு என்று ஒன்று தோன்ற வழியில்லை.

இம்மலையின் அண்மைக்கால வரலாற்றில் பெண் குழந்தைகளைப் பேணிய ஓர் அம்மையாரின் பெயர் பதிவாகியுள்ளது. அவர் எவெலின் பிராண்ட். கணவர் ஜெஸ்ஸி பிராண்ட், ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர். 1913இல் மணம் புரிந்துகொண்ட இருவரும் மலைமீது குடியேறினர். பேருந்துச் சாலை இல்லாத காலம் அது. டோலியில் சுமந்தோ, மட்டக்குதிரையிலோ, கால்நடையாகவோதான் மேலே ஏற வேண்டும். தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கும் அறுவை மருத்துவத்தால் வேலூரில் உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட், 1914இல் பிறந்த இவர்களுடைய மகன். இவர்கள் வந்தது தங்கள் மதத்தைப் பரப்புவதற்கு. அந்நோக்கத்தில் நமக்கு உடன்பாடு இல்லை. எனினும் அவர்கள் செய்த வேலையை வேலையாகப் பார்க்க அது தடையாக வேண்டியதில்லை.

அவர்களை முதலில் கடுமையாக எதிர்த்தவர் உள்ளூர்ப் பூசாரி ஒருவர். காய்ச்சலில் விழுந்து இறக்கும் தறுவாயில் அவரே தம் கைக்குழந்தையான மகளை அவர்களிடம் ஒப்படைத்தார் என்று அக்குடும்பத்தைப் பற்றிய நூல்கள் கூறுகின்றன. பின்னர் வேறு குழந்தைகளும் அவ்வீட்டை வந்தடைந்தனர். இந்நிகழ்ச்சியைக் கேட்போர் பெரும்பாலும் பூசாரியின் மனமாற்றத்தையே வியப்பர். நாம் வியப்பது வேறொன்றை. அந்தக் குழந்தைக்கு அன்றிரவு பால் காய்ச்சியது யார்? மறுநாள்? அதற்கு மறுநாள்? ஒரு குழந்தையை ஏற்றுக்கொள்வது ஒரு நொடியில் முடியும் செயல்; வளர்ப்பதோ ஆயிரக்கணக்கான நாள்களின் வேலை. தம் சொந்த மக்கள் இருவரையும் 1923இல் கல்விக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டு மலைக்குத் திரும்பிய தாய் அவர் என்பதையும் சேர்த்து எண்ணினால் அந்த நாள்களின் பாரம் விளங்கும்.

பிராண்ட் தம்பதியர் மலையேறிய அதே காலத்தில், சமவெளியில் சிறுமியருக்கான வேறொரு முயற்சி இந்திய மண்ணில் கால் ஊன்றத் தொடங்கியிருந்தது. அதுவே சாரணியர் இயக்கம். இல்லம் போலச் சிறுமியரை முழுமையாக ஏற்று வளர்ப்பதன்று அது. வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை மட்டுமே கேட்பது. ஆயினும் ஊதியமில்லா உழைப்பை நம்பியே நிற்பது என்ற வகையில் இரண்டும் ஒரே இனம்.

சாரணியர் இயக்கத்தின் தோற்றத்தை நம் வாசகர்கள் பள்ளிப் பாடங்களில் ஓரளவு படித்திருக்கக்கூடும். 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் இலண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணச் சிறுவர்களின் பெரும் பேரணி நடந்தது. அழைப்பில்லாமலே சில சிறுமியரும் சாரண உடை அணிந்து வந்து நின்றனர். சிறுவர்களோடு அவர்களைச் சேர்க்க பேடன் பவல் விரும்பவில்லை. திருப்பி அனுப்பவும் இயலவில்லை. தம் தங்கை ஆக்னஸிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 1910இல் பெண்களுக்கெனத் தனி இயக்கம் பிறந்தது. ஆகவே இவ்வியக்கத்தை எவரும் திட்டமிட்டுத் தொடங்கவில்லை. சிறுமியர் தாங்களே வந்து கேட்டுப் பெற்றுக்கொண்டனர். பெண் பிள்ளைகளுக்கு இவையெல்லாம் எதற்கு என்று கேட்கும் பெரியவர்களிடம் நாம் முதலில் எடுத்துக்கூறுவது இந்நிகழ்ச்சியைத்தான்.

இந்தியாவில் முதல் சாரணியர் படையை 1911இல் ஜபல்பூரில் டாக்டர் கல்லன் அமைத்தார். அதில் இடம் பெற்றவர்கள் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துச் சிறுமியர் மட்டுமே. 1916இல்தான் இந்தியச் சிறுமியருக்குக் கதவு திறந்தது. அடுத்த ஆண்டு, 1917இல், இலங்கையின் கண்டி நகரிலுள்ள பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஜென்னி கால்வர்லி என்ற ஆசிரியை அத்தீவின் முதல் படையைத் தொடங்கினார். அதே 1917இல் சென்னை அடையாற்றில் மார்கரெட் கசின்ஸ், டோரத்தி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் ஆகியோரின் முயற்சியால் இந்திய மாதர் சங்கம் எழுந்தது. சாரண இயக்கம் இந்தியச் சிறுவர்களை ஒதுக்கியதைப் பொறாமல், அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் சென்னையிலிருந்து இந்தியச் சாரணர் சங்கத்தை நடத்தினர். 1921இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபின் அச்சங்கம் தாய் அமைப்போடு இணைந்தது. 1928இல் சாரணியர் உலகச் சங்கம் உருவானபோது அதை நிறுவிய நாடுகளில் இந்தியாவும் ஒன்றாக இருந்தது.

இவ்வரலாற்றில் நெருடலான பகுதிகளும் உண்டு. ஆக்னஸ் பேடன் பவல் 1912இல் வெளியிட்ட கையேட்டின் தலைப்பே, பேரரசைக் கட்டியெழுப்பச் சிறுமியர் எங்ஙனம் உதவலாம் என்று பேசியது. அரசருக்கு விசுவாசமாக இருப்பதும் உறுதிமொழியில் இடம் பெற்றிருந்தது. கிலாபத் இயக்கத்திலும் ஒத்துழையாமையிலும் ஈடுபட்டிருந்த குடும்பங்கள் தம் பெண்களை அப்படைகளுக்கு அனுப்பத் தயங்கியிருந்தால் அதில் வியப்பில்லை. நாமும் அன்று இருந்திருந்தால் தயங்கியே இருப்போம்.

ஆனால் இந்த நாட்டுப் பெண்கள் கைக்கு வந்தபின் இயக்கம் சிறுகச் சிறுக உருமாறியது. ஒரு சிறு எடுத்துக்காட்டு. இங்கிலாந்தில் பத்து வயதுக்குட்பட்ட சிறுமியர் பிரௌனி எனப்பட்டனர்; வீட்டு வேலைகளில் மறைந்திருந்து உதவும் குறளித் தேவதையின் பெயர் அது. ஆனால் பழுப்பு நிறத்தைச் சுட்டும் அச்சொல், வெள்ளையர் ஆண்ட இந்நாட்டில் எப்படி ஒலிக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? எனவே இந்தியாவில் அவர்கள் புளூ பேர்ட், அதாவது நீலப்பறவை, ஆயினர். விடுதலைக்குப் பின் அப்பிரிவுக்கு புல்புல் என்று பெயரிடப்பட்டது. பாரசீகக் கவிதையில் பழகிய காதுகளுக்கு இனிக்கும் பெயர். தமிழ்நாட்டிலோ இன்றும் அச்சிறுமியரை நீலப்பறவையர் என்றே வழங்குகிறோம். ஏட்டில் மாறிய பெயர் வழக்கில் மாறாமல் தங்கிவிட்டது. உடையும் அவ்வாறே மாறியது. தலைவியருக்குச் சேலையும் சிறுமியருக்குச் சல்வார் கமீசும் துப்பட்டாவும் சீருடையாயின.

இனி, படையை நடத்துவோரின் வேலைக்கு வருவோம். இப்பகுதியில் சற்று விரிவாகவே பேசக் கருதுகிறோம். ஏனெனில் ஆண்டறிக்கைகளும் வெள்ளிவிழா மலர்களும் புரவலர்களின் படங்களைத் தாங்கி வருமளவுக்கு இவ்வேலையைப் பற்றிய குறிப்புகளைத் தாங்கி வருவதில்லை.

ஆறு முதல் எட்டுச் சிறுமியர் கொண்டது ஓர் அணி. சில அணிகள் சேர்ந்தது ஒரு படை. படைக்கு ஒரு தலைவியும் துணைத் தலைவியும் உண்டு. நம் நாட்டில் இவர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியைகள். நினைத்தவர் நினைத்தவுடன் தலைவியாகிவிட முடியாது. அடிப்படைப் பயிற்சி முகாமில் தங்கிப் பயில வேண்டும். பின்னர் உயர் பயிற்சி. அதற்கும் மேல் ஹிமாலயா வுட் பேட்ஜ். விடுமுறை நாள்களே இப்பயிற்சிகளுக்கு இரையாகும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதை மாமியாரிடமோ தாயாரிடமோ விட்டுச் செல்ல வேண்டும். ஆகவே ஒவ்வொரு படைத் தலைவிக்கும் பின்னால் பெயர் பதிவாகாத இன்னொரு பெண்மணி அடுப்படியில் நின்றுகொண்டிருக்கிறார். அவரும் இயக்கத்தின் தொண்டரே என்பது நம் கருத்து.

வாரக் கூட்டம் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ நடக்கும். கொடி, இறைவணக்கம், வருகைக் கணக்கு, அணி மூலையில் கலந்துரையாடல், முடிச்சு, முதலுதவி, விளையாட்டு, பாட்டு. பார்ப்பவருக்கு எளிதாகத் தோன்றும் இந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் பல மணி நேர ஏற்பாடு உண்டு. கயிறு இருக்கிறதா, கட்டுத்துணி இருக்கிறதா, சென்ற வாரம் வராத பெண் ஏன் வரவில்லை, தேர்வுக்கு எவள் ஆயத்தமானாள் என்பவற்றையெல்லாம் தலைவி எண்ணி வைத்திருக்க வேண்டும். பெரியவர்கள் அனைத்தையும் செய்துவிட்டால் இயக்கத்தின் நோக்கமே கெடும். ஆகையால் அணித்தலைவியர் கூடித் தீர்மானிக்கும் மன்றம் ஒன்றும் உண்டு. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தன் அணியில் ஒருத்தி அடிக்கடி தாமதமாக வருவதற்குக் காரணம் தண்ணீர் சுமப்பது என்று எடுத்துச்சொல்லி, கூட்டம் தொடங்கும் வேளையைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். நல்ல தலைவி அதை ஏற்பாள். பெரியவர்கள் தாமே செய்துவிடக்கூடிய ஒன்றைச் செய்யாமல் பொறுத்திருப்பது, செய்வதைவிடக் கடினமான தொண்டு.

பிறகு கணக்கு. சிறுமியர் கொண்டுவரும் சில்லறைக் காசுகளுக்கும் ஏடு உண்டு, சிட்டை உண்டு. பிப்ரவரி 22ஆம் நாளை உலகச் சாரணியர் சிந்தனை நாளாக 1926 முதல் கொண்டாடுகின்றனர்; அன்று ஒவ்வொருத்தியும் ஒரு சிறு நாணயத்தை உலக நிதிக்குத் தரும் வழக்கம் 1932இல் பிறந்தது. அக்காசுகளைத் திரட்டி எண்ணிக் கட்டி அனுப்பும் பொருளாளரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆயினும் ஓரணாக் கணக்கு தவறினாலும் அடுத்த ஆண்டு பெற்றோர் நம்பமாட்டார்கள் என்பதை, ஊரில் எந்தச் சங்கத்திலாவது பொருளாளராக இருந்த எவரும் அறிவர்.

பாசறை என்றால் வேலை பன்மடங்காகிறது. பாத்திரம், அரிசி, குடிநீர், படுக்கை, கழிப்பிடம், விளக்கு, மருந்துப் பெட்டி. இவை எல்லாவற்றினும் கடினமானது தந்தையரின் இசைவைப் பெறுவது. ஒரு பெண்மணி வீடு வீடாகச் சென்று, திண்ணையில் அமர்ந்து, யார் யார் உடன் வருகிறார்கள், இரவில் கதவை யார் தாழிடுவார்கள், தொழுகைக்கு இடம் உண்டா, உணவு ஹலாலானதா என்ற வினாக்களுக்கெல்லாம் பொறுமையாக விடை சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்விகளைக் கேட்பது குற்றமன்று. மகளைப் பெற்றவர் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பதில் சொல்ல ஆளில்லாத ஊர்களில் கேள்வியே முடிவாகிவிடுகிறது. சென்னையில் 1955இல் ஜஸ்டிஸ் பஷீர் அஹ்மத் சயீத் அவர்கள் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவியபின், மகளைப் பட்டப்படிப்புக்கு அனுப்பத் துணிந்த நம் குடும்பங்களுள் சில, அவளை மூன்று நாள் பாசறைக்கு அனுப்பத் துணியாததை நாம் கண்டிருக்கிறோம். கல்லூரியில் நம்பிக்கை வைத்ததற்குக் காரணம் அதை நடத்தியவர்களை அவர்கள் அறிந்திருந்தது. பாசறைக்கும் அவ்வாறே அறிந்த முகம் ஒன்று வேண்டும்.

இது ஆங்கிலேயர் கொண்டுவந்த பழக்கம், நமக்கு அயலானது என்று சொல்வாருக்கு ஒரு செய்தி. மதீனாவில் அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி வாழ்ந்தார். காயமுற்றோருக்கு மருந்திட்டு, ஆதரவற்றோருக்குத் தொண்டு செய்வதையே தம் பணியாகக் கொண்டவர் அவர். அகழ்ப்போரில் அம்பு பட்டுக் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களை, பள்ளிவாயிலில் அமைந்திருந்த ருஃபைதாவின் கூடாரத்திலேயே சேர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். கூலி கருதாமல் ஒரு பெண் நடத்திய அக்கூடாரத்தை நாம் மேடைகளில் அடிக்கடி புகழ்கிறோம். அக்கூடாரத்தில் நீர் கொண்டுவந்தவரும் துணி துவைத்தவரும் எவர் என்று கேட்பதுதான் இக்கட்டுரையின் வழி.

விடுதலை பெற்ற நாட்டில் சாரண அமைப்புகள் பிரிந்து கிடப்பது முறையன்று என்று கருதியவர்களுள் கல்வியமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் முதன்மையானவர். பண்டித நேருவும், இருதயநாத் குன்ஸ்ருவும், மங்கள்தாஸ் பக்வாசாவும், நீதிபதி விவியன் போஸும் அம்முயற்சியில் உடன் நின்றனர். 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரண இயக்கம் உருவாயிற்று. சாரணியர் சங்கம் 1951 ஆகஸ்ட் 15ஆம் நாள் அதனோடு இணைந்தது. சிறுவரும் சிறுமியரும் ஒரே அமைப்பின் இரு சிறகுகளாயினர். ஆண்களின் பெரிய அமைப்போடு இணைந்தால் பெண்களின் குரல் அமுங்கிவிடும் என்று எவரேனும் அஞ்சியிருந்தால், அடுத்த பதினைந்தாண்டுக்குள் அதற்கு விடை கிடைத்தது. 1964 முதல் 1983 வரை அவ்விணைந்த அமைப்பின் தேசிய ஆணையராகப் பொறுப்பேற்றிருந்தவர் திருமதி லட்சுமி மஜும்தார் என்ற பெண்மணி. அவர் காலத்தில்தான், 1966 அக்டோபர் 16ஆம் நாள், சாரணியரின் உலக மையங்களுள் ஒன்றான சங்கம் பூனா நகரில் திறக்கப்பட்டது. பேடன் பவலின் துணைவியார் ஒலேவ் அம்மையாரே வந்து திறந்து வைத்தார். பல நாட்டுப் பெண்கள் அங்கு வந்து தங்கித் தொண்டாற்றிச் செல்கின்றனர். சங்கம் என்ற பெயரைக் கேட்டதும் தமிழர்க்கு மதுரை நினைவுக்கு வருவது இயல்பே; அங்கே அதன் பொருள் கூடல் என்பது.

தலைநகரிலும் பூனாவிலும் நடந்தவை ஏடறிந்த வரலாறு. ஆனால் ஒரு படை வாழ்வதும் சாவதும் ஊரில்தான். தொடக்க காலத் தலைவியருள் அதிகாரிகளின் மனைவியரும், மருத்துவர்களும், மிஷன் பள்ளி ஆசிரியைகளும் பலர். கணவருக்கு மாற்றல் வந்தால் தலைவியும் போய்விடுவாள். அவளுக்குப் பின் ஒருத்தி ஆயத்தமாக இல்லையென்றால் கொடி மடிக்கப்பட்டுப் பெட்டிக்குள் போகும். இந்தியப் பெண்கள் ஆசிரியைகளாகப் பெருகியபோது இக்குறை ஓரளவு நீங்கியது. எனினும் முற்றும் நீங்கவில்லை. ஆசிரியைக்கும் மாற்றல் உண்டு; அத்துடன், பள்ளி கொடுக்கும் பணி நேரத்துக்கு அப்பால் எஞ்சும் மாலையைத்தான் இயக்கம் கேட்கிறது.

இந்த இடத்தில் நாம் மீண்டும் கொல்லிமலைக்குத் திரும்ப வேண்டும். ஜெஸ்ஸி பிராண்ட் 1929இல் கடும் மலைக்காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். எவெலின் சில காலம் இங்கிலாந்தில் இருந்துவிட்டுத் திரும்பிவந்து பணியாற்றினார். 1947ஐ ஒட்டி, அறுபத்தெட்டு வயதைத் தாண்டும் நிலையில் இருந்த அவரை, முதுமையைக் காரணங்காட்டி அவருடைய மிஷன் ஓய்வுபெறச் சொல்லியது. நிறுவனத்தின் நோக்கில் அது நியாயமே. அம்மையார் ஓய்வையும் பெற்றுக்கொண்டார்; பெற்றுக்கொண்டு கொல்லிமலைக்கே போய்விட்டார். அன்று முதல் அவர் எவருடைய ஊழியருமல்லர். மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராகச் சென்று மருந்து கொடுத்தும், பிள்ளைகளுக்குக் கற்பித்தும் வாழ்ந்தார். விழுந்தார், எலும்பு முறிந்தது, மீண்டும் ஏறினார். பாட்டி பிராண்ட் என்று அழைக்கப்பட்ட அவர் 1974 டிசம்பரில், 95ஆம் வயதில் மறைந்தார். கணவரை அடக்கம் செய்த அம்மலையிலேயே அவரையும் அடக்கம் செய்தனர். ஊதியத்திலிருந்து விடுபட்டபின் கால் நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்த அத்தொண்டை எவ்வளவு வியந்தாலும் தகும்.

வியந்தபின் ஒன்றைக் கேட்காமலிருக்க இயலவில்லை. இத்தகைய ஒருவர் போனபின் அவர் இடத்தில் நிற்பவர் யார்? ஒரு மனிதரின் உடல்வலிமையாலும் பிடிவாதத்தாலும் நிற்கும் தொண்டுக்கு அவருடைய ஆயுளே எல்லை. சாரணியர் இயக்கம் நேர்மாறான வழியைத் தேர்ந்தது. ஒருவர் செய்யும் பெருந்தொண்டைப் பத்துப் பேர் செய்யும் சிறு தொண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சூட்டியது: தலைவி, துணைத்தலைவி, பொருளாளர், செயலாளர், பயிற்சியாளர், மாவட்ட ஆணையர். இப்பட்டங்களில் சிறிது ஆடம்பரம் தொனிக்கிறது என்று நகைப்போர் உண்டு, நாமும் நகைத்ததுண்டு. ஆனால் பொறுப்புக்குப் பெயர் இருந்தால்தான் அதை வகித்தவர் விலகும்போது வெற்றிடம் கண்ணுக்குத் தெரியும். பெயரில்லாத வேலையைச் செய்தவர் போய்விட்டால் வேலை போனதே எவருக்கும் தெரிவதில்லை. நம் ஊர்களில் ஜமாஅத்துக்குத் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் உண்டு. பெண் பிள்ளைகளின் மதரஸாவுக்குக் காலையும் மாலையும் துணையாக நடந்துசெல்லும் மூதாட்டிக்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம்?

மலையில் இன்று பள்ளிகள் உள்ளன. பழங்குடிச் சிறுமியர் தங்கிப் படிக்கும் உண்டு உறைவிடப் பள்ளிகளும் உள்ளன. காலையில் செம்மேட்டுப் பக்கம் செல்வோர், சீருடையணிந்த பெண் குழந்தைகள் பனிமூட்டத்தினூடே வரிசையாக நடந்து வருவதைக் காணலாம். சமவெளியிலிருந்து பணிக்கு வரும் ஆசிரியைக்கு மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் 70 வளைவுகளுக்கு இப்பால் இரவு தங்க வேண்டும். எனவே பள்ளி மணி அடித்தபின் ஒரு மணி நேரம் கூடுதலாக நில்லுங்கள் என்று அவரிடம் கேட்பது, நகரத்து ஆசிரியையிடம் கேட்பது போன்றதன்று. வீட்டிலிருந்து வந்துபோகும் சிறுமிக்கும் அதே இடர்ப்பாடு. இருட்டுமுன் சரிவு கடந்து வீடு சேர வேண்டும், தம்பி தங்கையைப் பார்க்க வேண்டும், சாமைக் கொல்லையில் வேலை இருக்கும். நகரத்துக்கென வகுத்த மாலைக் கூட்டத்தை அப்படியே மலைக்கு ஏற்றுவது நடவாத காரியம்.

ஆனால் விடுதியில் நிலைமை வேறு. அங்கே சிறுமியர் மாலையிலும் உள்ளனர். காப்பாளரும் சமையற்காரரும் உள்ளனர். கூடுவதற்கு முற்றமும் உண்டு. ஓர் அணிக்கு ஆறு பேர் போதும். மலையிலேயே பிறந்து, அதே விடுதியில் படித்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, தன் நாட்டிலேயே குடியிருக்கும் இளம்பெண் ஒருத்தி தலைவியாக அமைந்தால் கடைசிப் பேருந்தைப் பற்றிய கவலை அவளுக்கு இல்லை. பெற்றோரின் திண்ணையில் அமர்ந்து பேச அவளுக்கு அறிமுகமும் தேவையில்லை. எந்தச் சரிவில் எந்த வீடு என்பது அவளுக்குத் தெரியும். கணக்கெழுத ஒருவர், பாசறைக்கு அரிசி பருப்பு சேர்க்க ஒருவர், நோயுற்றவளைச் செம்மேட்டு மருத்துவமனைக்கு அழைத்துச்செல்ல ஒருவர் என்று மகளிர் குழுக்களில் உள்ள தாய்மாரே பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளலாம். சாமையையும் தினையையும் மாவாக்கிப் பொதியிட்டுச் சந்தைக்கு அனுப்பக் குழுவாகக் கூடி, வரவு செலவு எழுதப் பழகியவர்கள் அம்மலைப் பெண்கள். அவர்களுக்கு வருகை ஏடும் சிட்டையும் புதியன அல்ல.

அவ்வாறு அமையும் படைக்கு முதல் நாள் வேண்டியவை ஒரு கொடி, நான்கைந்து முழக் கயிறு, முதலுதவிக்குக் கட்டுத்துணி, கோடிட்ட ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டின் முதல் பக்கத்தில் சிறுமியரின் பெயர்களை எழுதுவது வழக்கம். அதே பக்கத்தின் அடியில், அன்று விறகு கொண்டுவந்தவர், தேநீர் வைத்தவர், இருட்டியபின் பிள்ளைகளைச் சரிவு வரை கொண்டுபோய் விட்டவர் ஆகியோரின் பெயர்களையும் எழுதிவைக்கச் சொல்வோம்.